டிராக்டர் ஒரு இடத்தில், திரையில் வேறு இடத்தில்

ஓட்டுநர் இல்லாத டிராக்டரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் திரைகளில் நான் மன்னிக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய தவறு ஒன்று உண்டு: பழைய தகவலை இப்போதைய நிலவரம் போலக் காட்டுவது. வயலில் சிக்னல் போய்விடும். வரைபடத்திலோ டிராக்டர் பச்சைப் புள்ளியாகச் சமர்த்தாக நிற்கும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. வீடியோ மூன்று நொடி பின்தங்கினாலே, நாம் பார்க்கிற இடத்தைத் தாண்டி வண்டி 8 மீட்டர் போயிருக்கும். தரை நிலையத்தின் திருத்தத்தோடு இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் சில சென்டிமீட்டர் துல்லியம் தருகிறது என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

தகவலின் வயதைத் திரையில் எழுதுங்கள்: '14 நொடிக்கு முந்தைய நிலை'. வயது ஏற ஏற புள்ளி மங்கட்டும். வீடியோ உறைந்தால் கடைசிப் படத்தின் மேல் சாம்பல் பூசிவிடுங்கள்.

நிறுத்து பட்டனிலும் இதே கோளாறுதான். தொட்டவுடன் பட்டன் நிறம் மாறிவிடும். ஆனால் அப்போது நடந்தது, கைபேசி கட்டளையை அனுப்பியது மட்டுமே. அனுப்பியாயிற்று, வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது, வண்டி நின்றுவிட்டது என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சக்கரம் நின்றாலும் பின்னால் மாட்டிய கருவிக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் பிடிஓ தண்டு சுற்றிக்கொண்டிருக்கலாம்; நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. அதற்கும் திரையில் ஓர் இடம் வேண்டும். அப்புறம், நிறுத்தும்போது 'நிச்சயமாகவா?' என்று கேட்காதீர்கள். வண்டியைக் கிளப்பும்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தொடர்பு அறுந்தால் வண்டி தானாகவே நிற்க வேண்டும் என்பது வேறு விஷயம். எந்தப் பட்டனும் அதற்கு மாற்றாகாது.

'தடை கண்டறியப்பட்டது' என்று மட்டும் வரும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன லாபம்? 'முன்னால் 6 மீட்டரில் ஏதோ இருக்கிறது, நின்றுவிட்டேன்' என்று சொல்லி, கேமரா படத்தையும் கூடவே கொடுங்கள். பாதி நேரம் அது உயரமான களையாகவோ தூசியாகவோதான் இருக்கும். அதனால்தான் 'தொடர்' பட்டனைக் கட்டைவிரலுக்கு அடியில் பெரிதாக வைப்பது ஆபத்து. நாற்பதாவது தடவை யாரும் பார்த்துவிட்டு அழுத்தப்போவதில்லை. படத்தைத் திறக்காமல் அந்தப் பட்டன் வேலை செய்யக்கூடாது என்பது என் கட்சி.

ஒன்பது வீடியோவைச் சுவரில் அடுக்கி ஓர் ஆளை உட்காரவைப்பதும் வீண். ரேடார் கண்காணிப்பாளர்களின் கவனத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், சுமார் அரை மணி நேரத்திலேயே அது சரியத் தொடங்குவதை 1948-லேயே காட்டிவிட்டார். எந்த வண்டிக்கு இப்போது ஆள் தேவையோ அது மட்டும் முன்னால் வரட்டும்.

சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் எழுத்தையும் சேர்ப்பது, வெயிலில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது எல்லாம் தெரிந்தவைதான்.

சோதனையை மட்டும் அலுவலக வைஃபையில் முடித்துக்கொள்ளாதீர்கள். வயலுக்குப் போய், வேலை நடக்கும்போதே மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, திரை அதை எத்தனை நொடியில் ஒப்புக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.