மினி டிராக்டருக்குத் தனி ரிட்டர்ன் லைன் போடும் முறை

கம்பம் பக்கம் எங்கள் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் ஓட்டத்தான் மினி டிராக்டர் வாங்கினேன். கல்தூண் ஓரக் களையை வெட்ட, டிராக்டர் பம்ப் தள்ளும் ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தத்தில் ஓடும் கியர் மோட்டாரை வைத்து, பக்கவாட்டில் சுற்றும் பிளேடு மாட்டினேன். ஒரே பருவத்தில் மோட்டாரின் ஆயில் சீல் இரண்டு முறை போனது. சீல்தான் மட்டம் என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒன்று போடும் முன் மோட்டாரிலிருந்து ஆயில் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸில் கேஜ் மாட்டிப் பார்த்தால் பிரஷர் 14 பார் (bar). உள்ளே கசியும் ஆயிலை வெளியேற்றத் தனி டிரெயின் குழாய் இல்லாத கியர் மோட்டாரின் சீல் சில பார்தான் தாங்கும். திரும்பும் ஆயில், ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குவிக் கப்ளரிலும் ஆயிலைத் திருப்பிவிடும் லிவர் வால்விலும் நெருக்கிக்கொண்டு போனதுதான் காரணம். அதை நேராக, பம்ப் இழுக்கும் ஆயில் தங்கியிருக்கும் கியர் ஹவுசிங்கில் விட்டுவிட வேண்டும்.

முதலில் பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்டைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, லிவர்களை இரண்டு பக்கமும் அசைத்து பிரஷரை விடுங்கள். ஹவுசிங்கின் மேல்பக்க பிளக் ஒன்றைக் கழற்றி, அதையே கையில் கொண்டுபோய் ஹோஸ் கடையில் மரை பாருங்கள். கண்ணால் பார்த்து மரை சொல்லவே கூடாது. அலுமினிய வார்ப்பாக இருந்தால் மரை பொருந்தாத நிப்பிள் (ஹோஸை மாட்டும் இணைப்புத் துண்டு) ஹவுசிங்கையே கெடுத்துவிடும்.

இதில் முக்கியமான வேலை நிப்பிளுக்கு அடியில் வரும் குழாய். ஆயில் மேலிருந்து கொட்டினால் நுரைக்கும், நுரையை பம்ப் இழுத்தால் லிஃப்ட் குதிக்கும். அதனால் லேத் பட்டறையில் நிப்பிளோடு ஒரு குழாய் வைத்து வெல்டிங் செய்து, அதன் நுனி ஆயில் மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி வெட்டச் சொன்னேன். வெட்டும் முன் கம்பியை உள்ளே விட்டு, கியர் எதிலும் உரசாத ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னருக்கு (பம்ப் ஆயிலை இழுக்கும் வடிகட்டி) நேராகவும் நுனி இருக்கக் கூடாது. வெல்டிங் பொடி ஒன்றுகூட மிஞ்சாமல் டீசலில் கழுவி, காற்றடித்து மாட்டினேன்.

என் பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளும். போகிற ஹோஸ் அரை அங்குலம், ரிட்டர்னுக்கு முக்கால் அங்குலம் போட்டேன். டெஃப்லான் டேப் வேண்டாம். அதன் நார் வால்வில் போய்ச் சிக்கும். ரப்பர் வைத்த டவ்டி வாஷர் போதும்.

ரிட்டர்னில் திறந்து மூடும் வால்வு எதுவும் வைக்காதீர்கள். யாராவது மறந்து மூடினால் அன்றே சீல் போய்விடும். லிவர் ஒரு பக்கம் மட்டும் போகும்படி தகடு வைத்துத் தடுத்தேன், மறுபக்கம் தள்ளினால் ஆயில் போக இப்போது வழி கிடையாது. அப்புறம், லிவரை விட்ட பிறகும் கனமான பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது மோட்டாருக்கு ஆயில் வற்றாமலிருக்க, ரிட்டர்னிலிருந்து இன்லெட் பக்கம் மட்டும் திறக்கும் செக் வால்வு ஒன்றை மோட்டார் அருகே வைத்தேன்.

புது ஹோஸ் ஆயில் குடிக்கும். ஐடிலில் ஓட்டி, நிறுத்தி, டிப் ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம், பிரஷரில் பீறும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பாருங்கள். என் கேஜ் இப்போது 2 பார் காட்டுகிறது.