அமெரிக்க எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதுவது எப்படி?

அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பேசுவதற்கோ தமிழ் விக்கிப்பீடியாவில் போடுவதற்கோ 1950கள், 60களின் அமெரிக்க மாநில அரசியல்வாதி ஒருவரை எடுத்துக்கொண்டால், பெங்களூரில் இருந்தபடியே உருப்படியாக எழுதலாம். கலிபோர்னியாவின் ஜெஸ்ஸி அன்ரூவையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பதவிகளை வருஷ வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1954இல் ஜனநாயகக் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்குத் தேர்வு, 1961 முதல் 1969 தொடக்கம் வரை சபாநாயகர், 1970இல் ரீகனிடம் ஆளுநர் தேர்தலில் தோல்வி, 1975 முதல் 1987இல் இறக்கும்வரை மாநிலக் கருவூலத் தலைவர். இது அரை மணி நேர வேலைதான். இதையே கட்டுரை என்று வெளியிட்டுவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும், ஏனென்றால் அந்த மனிதர் பதவியில் உட்கார்ந்து என்ன செய்தார் என்று ஒரு வரிகூட அதில் இருக்காது.

அப்புறம் அந்தப் பதவிக்கு அங்கே என்ன அதிகாரம் என்று பாருங்கள். விதான சௌதா (கர்நாடகச் சட்டமன்றம்) சபாநாயகரை மனதில் வைத்து எழுதினால் எல்லாமே தப்பாகிவிடும். கலிபோர்னியாவில் சபாநாயகர்தான் ஆளும் தரப்பின் தளபதி, எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பதும் அவர் கையில். 1963இல் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட மறுத்த குடியரசுக் கட்சிக்காரர்களை அன்ரூ ராத்திரி முழுக்க அவைக்குள்ளேயே பூட்டி வைத்தார். அவர் பெயர் கெட்டதும் அதில்தான்.

தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1959இல் ஒழிக்கப்படும் வரை அங்கே ஒரே ஆள் இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலும், நிற்க முடிந்தது. பழைய பட்டியலில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால் கட்சி தாவினார் என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. அவர் கொண்டுவந்த ஒரே ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அன்ரூவுக்கு அது 1959இன் குடிமை உரிமைகள் சட்டம்: இனம், நிறம், மதம், பூர்வீகம் பார்த்து வணிக நிறுவனங்கள் யாரையும் ஒதுக்கக் கூடாது. மசோதாவின் முதல் வடிவம் வேறு மாதிரி, நீளமான பட்டியலோடு இருந்தது. திருத்தத் திருத்தப் பட்டியல் சுருங்கி, ‘எந்த வகை வணிக நிறுவனமானாலும்’ என்ற பொருள் தரும் சில சொற்கள் நின்றன. கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்த கட்டுமான நிறுவனத்தின் மீதான வழக்கில், 1962இல், அந்தச் சொற்களை வைத்துத்தான் வீட்டு விற்பனையும் இதற்குள் அடங்கும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கு வீடு தேடிப் போய், என்ன ஆளுங்க, கறி சாப்பிடுவீங்களா என்று கேட்கப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நம் வாசகருக்கு அன்ரூ யார் என்று புரிவது இந்த இடத்தில்தான், அதனால் கட்டுரையில் பாதியை இதற்கே கொடுங்கள்.

பழைய சட்டத் தொகுதிகளைக் கலிபோர்னியா சட்டமன்றமே ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது, தீர்ப்பும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.