வீட்டு பீர்: தேதி பார்த்துப் பாட்டிலில் அடைக்காதீர்கள்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. (தமிழ்நாட்டில் இது குற்றம். அங்கே இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.) இங்கே கிட் (பீர் தயாரிக்கும் பொருட்கள் அடங்கிய டப்பா) வாங்கி ஆரம்பிக்கும் பலரும், நொதிக்க ‘5 முதல் 7 நாள்’ என்று அதில் போட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். ஜனவரிக் குளிர், வீட்டுக்குள்ளேயே 15 டிகிரி. ஏழாம் நாள் பாட்டிலில் அடைத்தேன். மூன்றாவது வாரம், நள்ளிரவில், அலமாரிக்குள் இரண்டு பாட்டில்கள் வெடித்தன.

குளிரில் இட்லி மாவு எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கும் என்று தெரியும்தானே? சர்க்கரையைத் தின்று பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்டும் அப்படித்தான். ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். அது குறைந்தால் வேலை இழுக்கும். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை பாட்டிலுக்குள் போய் வாயுவாகும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிஞ்சினால் ஏறத்தாழ 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நுரைக்காக நாம் சேர்ப்பதே லிட்டருக்கு 6 கிராம் போலத்தான். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி எவ்வளவுதான் தாங்கும்?

வாயு வெளியேற மூடியில் பொருத்தும் ஏர்லாக்கில் குமிழி நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு அந்த வழியே போய்விடும், குமிழியே வராது. நொதித்தல் முடிந்த பிறகும் அறை சூடானால் குமிழி வரும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் பேச வேண்டும். சர்க்கரை குறையக் குறைய அதன் எண் இறங்கும். 1.045இல் தொடங்கிய பீர் பெரும்பாலும் 1.010 பக்கம் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி அளந்தாலும் அதே எண் வருகிறதா, சரி. 1.020இலேயே நின்றுவிட்டால் அடைக்காதீர்கள். பாத்திரத்தைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

எண் நின்ற அன்றே அடைப்பதும் அவசரம்தான். வெண்ணெய் வாசனையும் பச்சை ஆப்பிள் வாடையும் இளம் பீரில் இருக்கும். அவற்றை ஈஸ்டே திரும்ப உள்வாங்கிச் சுத்தம் செய்யும். இன்னும் மூன்று நாலு நாள் கொடுங்கள். ஆக, சாதாரண ஏலுக்கு மொத்தம் இரண்டு வாரம்.

அதற்கு மேல் வைத்தால் அடியில் படிந்த ஈஸ்ட் செத்து, சோயா சாஸ் மாதிரி நாறும் என்று பயமுறுத்துவார்கள். பெரிய ஆலைகளின் உயரமான தொட்டிகளில், அழுத்தத்திலும் சூட்டிலும் அந்தக் கவலை நியாயமானது. வீட்டில் 20 லிட்டர் பீர் மூன்று, நான்கு வாரம் தாராளமாக இருக்கும். 1.080க்கு மேல் தொடங்கும் கனமான பீருக்கு அந்த நாள் தேவையும்கூட. வாசனைக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களை மட்டும் கடைசி மூன்று முதல் ஐந்து நாளில் போடுங்கள். அதிக நாள் ஊறினால் புல் வாசனை வரலாம்.

நாள் கூடுவதை விட மோசம், தினமும் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது. காற்றுப் பட்டால் பீருக்கு, நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வரும். அளக்க எடுத்ததையும் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துவிடுங்கள். வெண்ணெய் போய்விட்டதா என்று அப்போதே தெரிந்துவிடும்.