புதிய கமிஷனிங் எடிட்டரைப் பழக்குவது: முடிந்துபோன கோப்பிலிருந்து தொடங்குங்கள்

ஆய்வு நூல் பதிப்பகத்தில் எந்த நூலை எடுப்பது என்று தேர்ந்து, ஒப்பந்தம் வரை கொண்டுபோகிறவர் கமிஷனிங் எடிட்டர். புதிதாகச் சேரும் ஒருவரிடம் நடப்பு முன்வரைவுகளை, அதாவது நூலாசிரியர்கள் அனுப்பும் நூல் திட்டங்களை, முதல் நாளே தூக்கிக் கொடுக்காதீர்கள். முடிவு தெரிந்த பழைய கோப்புகளில் பத்தை எடுங்கள்: நன்றாக விற்றவை நான்கு, விற்காதவை நான்கு, ஒப்பந்தம் போட்டும் கடைசிவரை கையெழுத்துப் பிரதி வந்து சேராதவை இரண்டு. மதிப்பீட்டாளர் (படித்துக் கருத்துச் சொல்லும் வெளி அறிஞர்) அறிக்கை, விற்பனைக் கணக்கு இரண்டையும் உருவிவிட்டு முன்வரைவை மட்டும் கொடுங்கள். எடுப்பதா விடுவதா, யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி முடித்தபிறகு மீதிக் கோப்பைத் திறந்து காட்டுங்கள். பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: ஆய்வின் தரத்தில் மயங்கி, வாங்குபவரை எண்ண மறந்திருப்பார்கள். முனைவர் பட்டம் முடித்த கையோடு வருபவர்களுக்கு இந்தப் பழக்கம் விட நாளாகும்.

“மாணவர்கள், ஆய்வாளர்கள், பொது வாசகர்கள்” என்று முன்வரைவில் இருந்தால் நூலாசிரியர் யாரையும் மனதில் வைக்கவில்லை என்று கொள்ளலாம். எந்தப் பாடத்தில், எந்த ஆண்டு மாணவருக்கு என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். ஆய்வேட்டை நூலாக்கும் முன்வரைவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது முன் ஆய்வுகளைத் தொகுக்கும் இயலையும் ஆய்வு முறை இயலையும். இரண்டும் அப்படியே நின்றால் நூலாக்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை.

அடுத்தது கணக்கு. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தாளில் கையால் போடட்டும். விலை 100, கடைக்கும் விநியோகத்துக்கும் கழிவு 40 சதவீதம் என்றால் கைக்கு வருவது 60. ராயல்டி 10 சதவீதம் என்பது அட்டை விலையிலா, நிகர வரவிலா? முன்னதில் பிரதிக்கு 10, பின்னதில் 6. இப்போது 300 பிரதி அச்சிடுவோம். கையெழுத்துப் பிரதியைச் செம்மைப்படுத்துவது, பக்க வடிவமைப்பு, சொல்லடைவு, அட்டை எல்லாம் சேர்த்து 10,000. அச்சு பிரதிக்கு 15 வீதம் 4,500. முந்நூறும் விற்றால் வரவு 18,000, நிகர வரவில் ராயல்டி 1,800, மிச்சம் 1,700. ஐம்பது பிரதி தேங்கினால்? வரவு 15,000, ராயல்டி 1,500, செலவு மொத்தம் 16,000. கையிலிருந்து 1,000 போகிறது. அலுவலகச் செலவு இன்னும் சேரவில்லை. எண்களை உங்கள் பதிப்பகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த ஐம்பது பிரதி மட்டும் மனதில் பதிய வேண்டும்.

இதே கணக்கைக் கவிழ்க்கும் இன்னொன்று சொல் எண்ணிக்கை. 90,000 சொல் என்று ஒப்புக்கொண்டது 1,30,000 ஆக வந்தால், பக்கத்துக்கு 400 சொல் வீதம் நூறு பக்கம் கூடுகிறது. காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. குறிப்புகளும் துணைநூற்பட்டியலும் எண்ணிக்கையில் அடங்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கட்டும். படங்களுக்கு அனுமதி வாங்குவது, அதற்குப் பணம் கட்டுவது யார் பொறுப்பு என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும்.

மதிப்பீட்டாளரைத் தேடும்போது நூலாசிரியர் தரும் பெயர்களில் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். அவருடைய ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்; நெறியாளர், நண்பர், கூட்டு ஆய்வாளர் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். மின்னஞ்சல் முகவரியை நூலாசிரியரிடம் வாங்காமல் பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். போலி முகவரி கொடுத்துத் தன் எழுத்தைத் தானே மதிப்பிட்டுக்கொண்டவர்கள் இத்துறையில் பிடிபட்டிருக்கிறார்கள்.

“நூல் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்று, வெளியிடலாம்” என்றே பதில் வரும். “எந்த இயலை எடுத்துவிட்டால் நூல் கெடாது?”, “இதே பொருளில் உங்கள் அலமாரியில் இருக்கும் எந்த நூலுக்குப் பதில் இதை வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு அறிக்கைகள் முட்டிக்கொண்டால் உடனே மூன்றாமவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. நூலாசிரியரிடம் இரண்டு பக்கப் பதில் வாங்குங்கள்: எதை ஏற்கிறார், எதை ஏன் மறுக்கிறார். நூலை எடுப்பதா என்று முடிவு செய்யும் பதிப்பகத்தின் தேர்வுக் குழு, மதிப்பீட்டாளர் அறிக்கையைவிட இந்தப் பதிலைத்தான் கூர்ந்து படிக்கும்.

குழு முடிவெடுக்கும் முன் நூலாசிரியருக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தையும் முதல் மூன்று மாதம் மூத்தவர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். “ஆவலோடு காத்திருக்கிறோம்” என்ற மரியாதை வரியை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மறுப்புக் கடிதத்தில் “திருத்தி அனுப்புங்கள்” என்று சும்மா எழுதினாலும் ஆறு மாதம் கழித்து அதே முன்வரைவு திரும்பி வரும்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் கோப்பை மூடி வைக்கிற வழக்கம் புதியவர்களிடம் அதிகம். கையெழுத்துப் பிரதி தரவேண்டிய நாளுக்குப் பாதி வழியில் ஓர் இயலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முன்னுரை வேண்டாம், அது முன்வரைவுக்காக ஏற்கெனவே மெருகேற்றப்பட்டிருக்கும். நடுவில் உள்ள இயல் ஒன்றைக் கேட்க வேண்டும்.