வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீங்க

மசக்கையில் வாந்தி எடுத்த கையோடு பிரஷ்ஷைத் தொட வேண்டாம். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவை (பேக்கிங் சோடா) கரைத்து, வாய் முழுக்கப் படும்படி கொப்பளித்துத் துப்புங்கள். பல் தேய்ப்பது ஒரு மணி நேரம் கழித்து. வயிற்று அமிலம் பட்ட எனாமல் (பல்லின் கடினமான மேல்படலம்) கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேயும். சோடா அந்த அமிலத்தை முறித்துவிடும். (பேக்கிங் பவுடர் வேறு, அதிலேயே அமிலம் கலந்திருக்கிறது.) கரைசலை விழுங்கக் கூடாது, சோடியம் அதிகம்.

இது பல்லுக்குத்தான், வாந்தியை நிறுத்தாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர்நிறமாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.