டகோட்டா தாயகத்துக்காகப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரின் மிகப் பெரிய ஏரி நெடுங்காலம் ‘கல்ஹூன் ஏரி’ என்று வழங்கியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டாக்கள் அதற்கு வழங்கிய ‘ப்டே மக்கா ஸ்கா’ என்னும் பெயரை மீட்டெடுத்த அரசாணை செல்லும் என்று மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. பூர்வகுடிப் பெயர்களை மீட்கும் முயற்சிகளைப் பற்றி எழுதுபவர்களும், மனுக்களில் கையெழுத்திடுபவர்களும், கூட்டங்களில் பேசுபவர்களும் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால் அந்த நல்லெண்ணத்துடன் சேர்ந்தே சில தவறுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் சில கேட்பவர் முகம் சுளிப்பதோடு முடிந்துவிடும். சில, வழக்கையே தோற்கடிக்கக்கூடியவை.

பெயரை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் வரலாற்றுக் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள், அந்தப் பெயர்கள் எப்படி அழிந்தன என்பதைக் கேட்பதில்லை. அவை யாரும் மறந்துபோனதால் அழிந்தவை அல்ல. அவற்றை வழங்கிய மக்கள் நிலத்தைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டதால் வரைபடத்திலிருந்து நீங்கியவை.

மிசிசிப்பி ஆறும் மினசோட்டா ஆறும் கூடும் இடத்தை டகோட்டாக்கள் ‘ப்டோட்டே’ என்கிறார்கள். தங்கள் மக்கள் தோன்றிய இடம் அதுவே என்பது அவர்களில் பலருடைய மரபு. 1805இல் அங்கு வந்த ஜெபுலன் பைக் என்னும் படை அதிகாரி, கோட்டை கட்டுவதற்காக நிலம் கேட்டு ஓர் ஒப்பந்தம் எழுதினார். கூடியிருந்த ஏழு டகோட்டாத் தலைவர்களில் இருவர் மட்டுமே அதில் கையொப்பமிட்டார்கள். விலைக்குரிய இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்க செனட் அதில் 2,000 டாலர் என்று தானே நிரப்பிக்கொண்டது. பைக்கே அந்த நிலத்தின் மதிப்பு 2,00,000 டாலர் என்று கணித்திருந்தார். இன்றைய விவாதத்துக்கு இதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அதில் உண்டு. அந்த நிலப்பகுதியில் முன்போலவே போகவும் வரவும் வேட்டையாடவும் பிற வகைகளில் பயன்படுத்தவும் டகோட்டாக்களுக்கு உள்ள உரிமையை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஆகவே, ஒப்பந்தங்கள் எல்லாம் நிலத்தைப் பறித்த காகிதங்கள் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுபவர்கள், தம்மை அறியாமலே டகோட்டாக்களின் கையிலுள்ள ஒரு சான்றைத் தட்டிவிடுகிறார்கள். எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு, எது நிறைவேற்றப்பட்டது, எது மீறப்பட்டது என்று பிரித்துப் பேசுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் அந்த வேலையைச் செய்யாதவர் வாதத்தில் வலு இருக்காது.

1851இல் டிராவர்ஸ் டெ சூ, மென்டோட்டா ஆகிய இரண்டு இடங்களில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களால் சுமார் 2.4 கோடி ஏக்கர் நிலம் கைமாறியது. டிராவர்ஸ் டெ சூவில் ஒப்பந்தத்துக்குக் கையொப்பமிட்ட தலைவர்களிடம், இதுவும் அதன் மற்றொரு படியே என்று அவர்கள் எண்ணும்படியாக வேறொரு தாள் நீட்டப்பட்டது. அது, அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தில் பெரும்பங்கை விலங்குத்தோல் வணிகர்களின் கடன் கணக்குக்குத் திருப்பிவிடும் தாள். எஞ்சியது மினசோட்டா ஆற்றின் இரு கரையிலும் ஒரு நீண்ட துண்டு நிலம். 1858இல் அதன் வடகரைப் பாதியும் போயிற்று. 1861இல் விளைச்சல் பொய்த்து, 1862இல் அரசு தரவேண்டிய ஆண்டுத் தொகையும் தாமதமானபோது, பசியிலிருந்து போர் மூண்டது. போர் முடிந்தபின் இராணுவ ஆணையம், சில வழக்குகளைச் சில நிமிடங்களிலேயே முடித்து, 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் 38 பேர் டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ நகரில் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 1,600 டகோட்டாக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ப்டோட்டேயின் மேட்டில் நின்ற ஸ்னெல்லிங் கோட்டையின் அடிவாரத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடைத்து வைக்கப்பட்டார்கள். மக்களின் தோற்றத்தைக் குறித்த இடமே அவர்களை அடைத்துவைத்த இடமும் ஆனது. 1863இல் அமெரிக்க காங்கிரஸ் இரண்டு சட்டங்களால் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, அவர்களை மினசோட்டாவுக்கு வெளியே அனுப்பியது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஆதரவாளர்கள் விழும் ஒரு குழியும் இங்கே இருக்கிறது. அந்தப் போரில் குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. அதை விழுங்கிவிட்டுப் பேசினால், மினசோட்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து கேட்கும் முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். அந்த மரணங்களை ஒப்புக்கொள்வது டகோட்டாக்களின் நில உரிமையை ஓர் அங்குலமும் குறைப்பதில்லை. போருக்கு முன்பே மீறப்பட்ட ஒப்பந்தங்கள், போரில் யார் யாரைக் கொன்றார் என்பதால் மீறப்படாதவை ஆகிவிடமாட்டா.

அடுத்தது, டகோட்டாக்களை இறந்தகாலத்தில் நிறுத்துவது. ‘இங்கே ஒரு காலத்தில் டகோட்டாக்கள் வாழ்ந்தார்கள்’ என்னும் வாக்கியம் கூட்டங்களில் சர்வசாதாரணமாக ஒலிக்கிறது. மினசோட்டாவுக்குள்ளேயே கூட்டாட்சி அரசு ஏற்ற நான்கு டகோட்டாச் சமூகங்கள் இன்றும் தம்மைத் தாமே ஆண்டுகொள்கின்றன: லோவர் சூ, அப்பர் சூ, பிரெய்ரி ஐலண்ட், ஷாகோபி ம்டேவாகன்டன். 1863க்குப் பின் துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நெப்ராஸ்காவிலும் இரு டகோட்டா மாநிலங்களிலும் கனடாவிலும் வாழ்கிறார்கள். மினசோட்டா அவர்களுக்கும் தாயகமே. தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பழைய பாடநூல்களிலிருந்தும் மொழிபெயர்ப்புக் கதைகளிலிருந்தும் நமக்கு வந்த ‘செவ்விந்தியர்’ என்னும் பெயரை இனியாவது விட்டுவிடலாம். ‘டகோட்டாக்கள்’ என்றோ, பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘பூர்வகுடிகள்’ என்றோ எழுதினால் போதும். ‘சூ’ என்பது பிறர் இட்ட பெயர். சில சமூகங்களின் சட்டப்பூர்வப் பெயரில் அது இருப்பதால் அங்கே மட்டும் அப்படியே எழுதவேண்டியிருக்கிறது.

அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காகச் செய்வது இதைவிடக் கடுமையான தவறு. 2017இல் மினியாபொலிஸ் சிற்பத் தோட்டத்தில் வாக்கர் கலை மையம் ‘ஸ்காஃபோல்ட்’ என்னும் பெரிய மரச் சிற்பத்தை நிறுவியது. அமெரிக்க அரசு மரண தண்டனை நிறைவேற்றிய தூக்குமேடைகளைக் கண்டிக்கும் நோக்கில் சாம் டூரன்ட் என்னும் கலைஞர் அதை வடித்திருந்தார். அதன் வடிவத்தில் மான்கேட்டோ தூக்குமேடையும் அடங்கியிருந்தது. கலைஞரின் நோக்கத்தைப் பலர் சந்தேகிக்கவில்லை. ஆனால் தம் முன்னோரைக் கொன்ற மேடை பொதுப் பூங்காவில் எழுவதை டகோட்டாக்கள் வேலி வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. எதிர்ப்பு எழுந்ததும் பேச்சுவார்த்தை நடந்தது. சிற்பம் பிரித்தெடுக்கப்பட்டு, கலைஞர் தம் உரிமையை டகோட்டாக்களிடம் ஒப்படைத்தார். அந்த மரங்களை என்ன செய்வது என்பதை அவர்களுடைய மூத்தோரே முடிவுசெய்தார்கள். தொடக்கத்திலேயே நடந்திருக்கவேண்டிய கலந்துபேசல் இறுதியில் நடந்தது என்பதுதான் அந்த நிகழ்வின் சாரம்.

கேட்பது என்றால் தெரிந்த ஒரு டகோட்டா நண்பரைக் கேட்பதும் அல்ல. ஒவ்வொரு சமூகத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் அலுவலரும் இருக்கிறார். கூட்டாட்சி அரசின் ஏற்பு இல்லாவிட்டாலும் ப்டோட்டேயின் அருகிலேயே வாழ்ந்து அதற்காகப் போராடிவரும் மென்டோட்டா ம்டேவாகன்டன் சமூகத்தைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே கருத்தைச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. மினசோட்டாவின் வடபகுதி ஒஜிப்வேக்களின் தாயகம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மாநிலம் முழுவதற்கும் டகோட்டாப் பெயர் கேட்டு மனு எழுதுபவர், ஒரு பூர்வகுடியின் பெயரால் இன்னொரு பூர்வகுடியின் பெயரை மூடிவிடக்கூடும். அதே நேரத்தில், பல இடங்களுக்கு இரு மக்களும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

இனி நடைமுறைக்கு வருவோம்; உணர்ச்சி மிகுந்த முயற்சிகள் தடுக்கி விழும் இடம் இது. ஏரியின் பெயரை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவது பெரும் தவறு. ப்டே மக்கா ஸ்கா விஷயத்தில், நகரப் பூங்கா வாரியம் 2015இல் பலகைகளில் இரண்டு பெயர்களையும் எழுதியது. ஏரியின் சட்டப்பூர்வப் பெயரை மாற்ற அதற்கு அதிகாரமில்லை. மாவட்டத்தின் தீர்மானம் தேவைப்பட்டது. ஹென்னபின் மாவட்ட வாரியம் 2017 நவம்பரில் நான்குக்கு மூன்று என்ற வாக்கில்தான் அதை நிறைவேற்றியது. மாநில இயற்கை வளத் துறை 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. கூட்டாட்சி அரசின் புவியியற் பெயர்கள் வாரியம் அதே ஆண்டு ஜூனில் ஏற்றது. அத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய பெயரை மாற்றக்கூடாது என்னும் சட்ட வரியைக் காட்டி எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வரம்பு மாவட்ட வாரியங்களின் நடைமுறைக்கே பொருந்தும், இயற்கை வளத் துறையின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2020 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கிய பிறகே சிக்கல் தீர்ந்தது. இடைப்பட்ட ஓராண்டில் கூட்டாட்சி ஆவணங்களில் ப்டே மக்கா ஸ்கா என்றே இருந்தது. மாநிலத்தில் அந்த ஏரியின் சட்டப்பூர்வப் பெயர் என்ன என்பதே கேள்வியாக இருந்தது. வழக்கு ஒரு சட்ட வரியின் பொருளில் தொங்கிக்கொண்டிருந்ததே ஒழிய, ஏரியின் வரலாறு பற்றியதாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த விவாதத்தில் இன்னொரு தவறும் பளிச்சென்று தெரிந்தது. ஜான் சி. கல்ஹூன் அடிமைமுறையை நன்மை என்று வாதிட்ட அரசியல்வாதி; 1817 முதல் 1825 வரை போர்த்துறைச் செயலாளராக இருந்ததால் அந்த ஏரிக்கு அவர் பெயர் வந்தது. அவர் கெட்டவர் என்பதால் பெயரை நீக்கவேண்டும் என்று மட்டும் வாதிட்டால், ‘சரி, ஒரு நல்லவர் பெயரை வைப்போம்’ என்பதே இயல்பான பதிலாகிவிடும். டகோட்டாக்கள் அந்தக் கணக்கில் எங்கும் வரமாட்டார்கள். ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, அதன் கரையில் 1829 முதல் மஹ்பியா விச்சஸ்டா என்னும் தலைவரின் ஊர் இருந்தது என்பவையே முதன்மையான வாதங்கள். கல்ஹூன் மகானாகவே இருந்திருந்தாலும் அவை நிற்கும். ‘புதிய பெயர்’ என்று எழுதும் செய்தியாளர்களைத் திருத்துவதும் இந்தக் காரணத்தால்தான் அவசியமாகிறது.

ஆனால் ஒரே ஓர் ‘அசல்’ பெயர்தான் இருக்கமுடியும் என்று அடம்பிடிக்கவும் கூடாது. இதே ஏரிக்கு டகோட்டாக்களிடையே வேறு பெயரும் வழங்கியதாகப் பதிவு உண்டு. எழுத்துமுறையிலும் ஒரே வழக்கம் இல்லை. ஒரே சொல்லை ஒரு சமூகம் ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் எழுதுகிறது. எதிர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ‘அவர்களுக்கே உறுதியில்லை’ என்பார்கள். ஆங்கிலப் பெயர்களும் அப்படித்தான் நூறு ஆண்டுகள் அலைந்து நிலைத்தன.

நிலம் திரும்பும்போது செய்யும் தவறுகள் வேறு. 2021இல் லோவர் சூ சமூகத்துக்கு 114 ஏக்கர் திரும்பியது. 2024 மார்ச்சில் அப்பர் சூ ஏஜென்சி மாநிலப் பூங்கா முழுவதும் அப்பர் சூ சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பட்டினியில் மாண்ட டகோட்டாக்கள் புதைந்திருக்கும் நிலம் அது. அதற்கு மாநிலச் சட்டமன்றம் 2023இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களில் சிலர் தாங்கள் நடந்த பாதைகளையும் கூடாரமிட்ட இடங்களையும் இழப்பதாக வருந்தினார்கள். அவர்களை இனவெறியர் என்று மொத்தமாக முத்திரை குத்தியவர்கள் டகோட்டாக்களுக்கு உதவவில்லை. ‘நாளை உங்கள் வீட்டையும் கேட்பார்கள்’ என்னும் அச்சத்துக்கு, கைமாறியது அரசு நிலம் என்னும் எளிய உண்மையைப் பொறுமையாகச் சொல்வது அதைவிடப் பயன்பட்டது.

நிகழ்ச்சித் தொடக்கத்தில் ‘இது டகோட்டா நிலம்’ என்று வாசிக்கும் அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வாசித்த நிறுவனம் அதன்பின் என்ன கொடுத்தது, எதை மாற்றியது என்று டகோட்டாக்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கிடைத்த பெயர் என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பி ஓய்ந்துவிடுவதும் தவறே. அலாஸ்காவின் உயர்ந்த மலைக்கு 2015இல் கூட்டாட்சி அரசு ‘டெனாலி’ என்னும் பூர்வகுடிப் பெயரை ஏற்றது. 2025 ஜனவரியில் ஒரே ஆணையால் அது மீண்டும் ‘மெக்கின்லி’ ஆனது. மலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெயரோ காங்கிரஸின் சட்டத்தால் வந்தது. அது டெனாலி என்றே நீடிக்கிறது. ஆகவே ஆணையால் கிடைத்தது எது, சட்டத்தால் கிடைத்தது எது, வெறும் வழக்கத்தால் கிடைத்தது எது என்று ஒவ்வொரு பெயருக்கும் குறித்துவைத்துக்கொள்ளவேண்டும். ஏரியின் பெயர் மாறியபின் அதைச் சுற்றிய சாலை, பேருந்து நிறுத்தம், பள்ளி வரைபடம், கைபேசி வரைபடம் ஆகியவை தாமாக மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலுவலகத்தில் வேறு வேறு மனு கொடுக்கவேண்டியிருக்கிறது. ப்டே மக்கா ஸ்காவைச் சுற்றிய பூங்காச் சாலைகளின் பெயரைப் பூங்கா வாரியம் 2019இல், ஏரியின் வழக்கு நீதிமன்றத்தில் இருந்தபோதே, தன் சொந்த அதிகாரத்தில் மாற்றியது.