குறிப்பேடு இல்லாத பழைய வோல்ட்டாமெட்ரி கோப்புகளைப் படிப்பது எப்படி?

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) திறக்கப்பட்ட 1953 முதல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நடந்து வருகிறது. இங்கே புராஜெக்ட் செய்பவர் கைக்கு டாஸ் காலத்துப் பிளாப்பி வந்து, கருவியும் மேனுவலும் இல்லாமல் போனாலும், அதிலுள்ள வோல்ட்டாமெட்ரி தரவை, அதாவது மின்னழுத்தத்தை மாற்றியபடி அளந்த மின்னோட்டத்தை, மீட்க வழி உண்டு.

முதலில் எழுதுதடை. 3.5 அங்குலப் பிளாப்பியில் சன்னல் திறந்திருக்க வேண்டும், 5.25 அங்குலத்தில் நேர்மாறாக, ஓர வெட்டை ஒட்டி மூட வேண்டும். முழு வட்டையும் இமேஜாக எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

ஹெக்ஸ் எடிட்டரை (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல்) திறக்குமுன் கணக்குப் போடுங்கள். ஒரே கருவியின் இரண்டு கோப்புகள், வெவ்வேறு புள்ளி எண்ணிக்கையில் வேண்டும். ஒன்றுக்காவது அச்சுப்படி (அன்று அச்சிட்ட வரைபடம்) இருக்க வேண்டும். 600 புள்ளிக் கோப்பு 4928 பைட், 800 புள்ளிக் கோப்பு 6528 பைட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1600, புள்ளிக்கு 8 பைட். மிச்சம் 128 பைட், தரவுக்கு முன்னால் வரும் தலைப்பு. ஐந்தொகைபோல இது ஒரு பைட்கூடப் பிசகாமல் நேராக வேண்டும். நேராகவில்லையா? கோப்பு எப்போதோ டெக்ஸ்ட் முறையில் மாற்றப்பட்டு, 10 என்ற பைட்டுக்கு (வரிமுடிவுக் குறி) முன் 13 நுழைந்திருக்கலாம். கடைசியில் ஒற்றை 26 இருந்தால் அது டாஸின் கோப்பு முடிவுக் குறி, விட்டுவிடலாம்.

தலைப்பில் புள்ளி எண்ணிக்கையைத் தேடுங்கள். இன்டெல் கணினியில் சிறிய பைட் முன்னால் வரும்: 600 என்பது ஹெக்ஸில் 58 02, 800 என்பது 20 03.

8 பைட் என்றால் ஒரு டபுளா (8 பைட் தசம எண்), இரண்டு ஃப்ளோட்டா (4 பைட் தசம எண்கள்)? மின்னழுத்தம் சம படிகளில் ஏறி, திரும்பி, அதே படிகளில் இறங்க வேண்டும். அப்படி வரும் வாசிப்பே சரி. எதுவும் வராமல், 10-இன் அடுக்கு −38 போன்ற அபத்த எண்கள் கொட்டினால் பழைய மைக்ரோசாஃப்ட் பேசிக்கைச் சந்தேகியுங்கள். இன்று வழக்கிலுள்ள ஐஇஇஇ தசம எண் முறையில் 2.0 என்பது 00 00 00 40. அந்தப் பேசிக்கில் 00 00 00 82. நான்காம் பைட் அடுக்கு (129 கழிக்க வேண்டும்), மூன்றாம் பைட்டின் உச்ச பிட் குறி. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

சரிபார்க்க ஃபெர்ரிசயனைடு (வழக்கமான சோதனைப் பொருள்) கரைசலில் எடுத்த ஓட்டம் இருந்தால் நல்லது. 25 டிகிரியில் இரு உச்சங்களின் இடைவெளி 59 மில்லிவோல்ட்டை ஒட்டி, பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக வரும். 590 வந்தால் மின்னழுத்த அளவு தவறு. மின்னோட்டத்துக்கு இந்தச் சோதனை உதவாது, அச்சுப்படிதான் கதி. அதில் குறியையும் பாருங்கள்: பழைய அமெரிக்க வழக்கில் ஒடுக்க மின்னோட்டம் நேர்குறி, ஐயூபேக் (சர்வதேச வேதியியல் அமைப்பு) வழக்கில் எதிர்க்குறி. மின்னோட்டம் 0 முதல் 4095 வரை முழு எண்களாகக் கிடந்தால் அது 12 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் நேரடி எண்ணிக்கை; உணர்திறன் அமைப்பு தலைப்பில் ஏதோ ஒரு பைட்டில் இருக்கும். அமைப்பு மட்டும் வேறுபடும் இரு கோப்புகளை அருகருகே வைத்தால் அந்தப் பைட் அகப்படும்.